மெழுகுவத்தி வாங்கிய மருமகள்

மடுகரையில் கரும்பு வெட்டிய நடேசனின் மகள் செல்வகுமாரி. என் மகன் ராஜ்மோகனுக்கு வாழ்க்கைப்பட்டு வில்லியனூர் வந்து நாலு வருஷமாகிறது. லேப் படிப்பு படித்தவள், புதுச்சேரியில் ஒரு லேபில் வேலை. என்ன வேலையென்று கேட்டால், "கிருமி வளக்குறேன் அத்தே" என்பாள். ஊரே கிருமியைக் கொல்லப் பார்க்கிறது, இவள் வளர்க்கிறாளாம். அப்போதே எனக்கு மனசு ஒப்பவில்லை.

ஒரு சனிக்கிழமை அவள் பையில் ஒரு கட்டு வெள்ளை மெழுகுவத்தி இருந்தது. மாதா கோயில் வாசல் கடையில் அவள் வாங்குவதைப் பார்த்ததாகப் பக்கத்து வீட்டுச் செங்கமலமும் சொன்னாள். போதாததற்கு ஞாயிற்றுக்கிழமை காலையிலும் கிளம்பிப் போகிறாள். இனி யோசிக்க என்ன இருக்கிறது?

"மாதா கோயிலு வேதத்துல சேந்துட்டியாடி?"

"லேபுக்கு அத்தே."

"கரண்டு இல்லாத லேபா அது?"

சிரித்தாள். அந்தச் சிரிப்பும் எனக்குப் பிடிக்கவில்லை. "நாளைக்கு நானும் வரேன். பொய்யா இருந்தா நாளையோட வேலைக்கு முழுக்கு" என்றேன். ராஜ்மோகனும் சரியென்று தலையாட்டினான். அவள் முகம் மட்டும் சுருங்கிப் போனது.

லேபில் என்னை உள்ளே விடவில்லை, கண்ணாடிக்கு வெளியே நின்றேன். கையுறை போட்டுக்கொண்டு ஒரு பெரிய ஜாடிக்குள் சின்னச் சின்னத் தட்டுகளை அடுக்கினாள். மேலே மெழுகுவத்தியைக் கொளுத்தி வைத்து ஜாடியை இறுக மூடினாள். கொஞ்ச நேரத்தில் அது தானாக அணைந்தது. கும்பிடவில்லை, சிலுவை போடவில்லை. வெளியே வந்ததும் பிடித்துக்கொண்டேன்.

"இன்னாடி அது?"

"நம்ம காத்துல இந்தக் கிருமி வளராது அத்தே. நெருப்பு அணைஞ்ச காத்துதான் வேணும். ஒரு நாள் கழிச்சுப் பாக்கணும், வுட்டா செத்துடும். ஞாயித்துக்கெழம லீவுன்னு அதுக்குத் தெரியுமா?"

"இன்னா சீக்கு?"

சுற்றிலும் பார்த்துவிட்டுக் காதருகே சொன்னாள். "மேகவெட்ட. ஆம்பள பொம்பள சேர்க்கையில தொத்துற சீக்கு."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "கர்மம்! இதையா வளக்குற?"

"பழைய மருந்து பலதுக்கும் சாவ மாட்டேங்குது. புது மருந்து வந்திருக்கு, அது கொல்லுதான்னு பாக்குறோம். பொம்பளைங்களுக்கு வந்தா பாதிப் பேருக்குத் தெரியவே தெரியாது அத்தே. பொறக்குற புள்ள கண்ணையே கெடுத்துடும்."

மறுபடி உள்ளே போய், நேற்று வைத்த தட்டுகளைக் கண்ணாடி வழியே தூக்கிக் காட்டினாள். பழைய மருந்து கலந்த தட்டில் புள்ளி புள்ளியாகக் கிருமி. புது மருந்துத் தட்டு துடைத்தாற்போல் இருந்தது.

"அப்ப கொன்னுடுச்சா?" என்றேன், அவள் திரும்பி வந்ததும்.

"இது ஒரு ஆளோட கிருமி. இன்னும் எத்தினியோ பேரோடது பாக்கணும்."

அவளும் என்னைப்போலச் சட்டென்று நம்பாதவள்தான். அது எனக்குப் பிடித்திருந்தது.

வீட்டுக்கு வந்ததும் ராஜ்மோகன் கேட்டான். "இன்னாம்மா, வேலைய வுட்டுடச் சொல்லவா?"

"வேலைக்குப் போவட்டும். ஆனா கையி காலு கழுவாம என் அடுப்பாண்ட வரக் கூடாது."

"கழுவாம அங்கிருந்து வெளியவே வுட மாட்டாங்க அத்தே."

"அது அங்கடி. இது என் வூடு."