பந்தை விடாத வலை

பெண்களுக்குச் சம்பளம் கொடுத்துக் கூடைப்பந்து ஆடவைக்கப் போகிறாயா, அதுவும் ராமநாதபுரம் மாவட்டத்திலா என்று சென்னையில் என்னோடு ஆடியவர்கள் மெனக்கெட்டு ஃபோன் போட்டுக் கேட்டார்கள். வேறு எங்கே தொடங்குவதாம்? எங்கள் கடற்கரையில் வேகமாக ஓடும் பெண்களுக்கும் பஞ்சமில்லை, எகிறிக் குதிக்கும் பெண்களுக்கும் பஞ்சமில்லை. பள்ளிக்கூடம் முடிந்ததும் அவர்கள் கையிலிருந்து பந்தைப் பிடுங்கிவிடுகிறார்கள், அவ்வளவுதான்.

நான் கீழக்கரைக்காரி. பல வருடம் வெளியூர் அணிகளுக்கு ஆடி, முழங்கால் மக்கர் செய்ததும் ஊருக்குத் திரும்பியவள். எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்பது உம்மாவின் நிரந்தரப் புகார். அந்த வாயை வைத்துத்தான் துபாயில் கடை நடத்தும் அக்கா மாப்பிள்ளையை ஒரு தொழில்முறை அணிக்கு உரிமையாளர் ஆக்கினேன். தான் எதற்குச் சரி என்று சொன்னோம் என்பது மச்சானுக்கு இன்னும் முழுசாகப் புரியவில்லை. புரியவைக்க நானும் அவசரப்படவில்லை.

மண்டபம் ஊரில் கடலை ஒட்டி ஒரு சிமெண்ட் தரை சும்மா கிடந்தது. அதைச் செப்பனிட்டுக் கோர்ட் ஆக்கினோம். தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசும் மாதங்களில் அங்கே நேராக எறிந்த பந்து நேராகப் போகாது. கோயம்புத்தூரிலிருந்து வந்த பெண்கள் காற்றைத் திட்டித் தீர்த்தார்கள். பாம்பனிலிருந்து வந்த ஒருத்தி மட்டும் திட்டவில்லை. ஒரு தரம் முகத்தைத் திருப்பிக் காற்று வாங்குவாள், ரிங்குக்கு ஒரு முழம் தள்ளி எறிவாள், பந்து வளைந்து போய் உள்ளே விழும். ஆட்டத்தை நடத்துகிற பாயிண்ட் கார்டு இவள்தான் என்று முதல் வாரமே முடிவு செய்துவிட்டேன்.

ஆனால் அவள் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட மறுத்தாள். வயது வந்த பெண், யாரையும் கேட்க வேண்டிய அவசியம் இல்லை என்று சொல்லிப் பார்த்தேன். "அய்யா சரின்னு சொல்லாம நான் போட மாட்டேன்க்கா" என்றாள். அணியின் அறிமுக ஆட்டம் முடிவதற்குள் அவள் கையெழுத்து வரவில்லை என்றால் அந்த இடத்துக்கு வேறு ஆளைப் போட்டாக வேண்டும். வேறு ஆள் என்று எனக்கு யாரும் இல்லை.

அவளுடைய அய்யாவைப் பார்க்கப் பாம்பனுக்கு நடையாக நடந்தேன். அவர் கடலுக்குப் போகிறவர். எப்போது போனாலும் வலையைப் பின்னிக்கொண்டேதான் பேசுவார்.

"நாலஞ்சு மாசம் ஊரு ஊராக் கூட்டிட்டுப் போவீகளாமே?"

"கூட்டிட்டுப் போயி நானே கூட்டிட்டு வருவேன்ணே. என் பொறுப்பு."

"மூத்தவன் கத்தாருக்குப் போறப்பவும் இப்படித்தான் சொன்னாக. இப்ப அவன் ஃபோன்ல மட்டுந்தான் வாரான். இவளும் போயிட்டா நானும் இவ ஆத்தாளும் யார் மூஞ்சியப் பாக்குறது?"

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் வாப்பா சவுதியில் இருந்த வருடங்களில் உம்மாவும் இதே முகத்தோடுதான் உட்கார்ந்திருப்பார். கிளம்பும்போது பேச்சை மாற்றுவதற்காக, உப்புக்காற்றில் ரிங் வலைகள் இற்றுவிட்டன, புதுசுக்கு மதுரையில் சொல்லியிருக்கிறேன் என்றேன். அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"பாம்பன பக்கத்துல வச்சுக்கிட்டு வலைக்கு மதுரைக்குப் போறீகளா? அசிங்கமால்ல இருக்கு. பந்த இங்கன குடுத்துட்டுப் போங்க தங்கச்சி, அளவு பாத்துக்கிறேன்."

படகுகள் கடலுக்குப் போகாத நாளாகப் பார்த்து அறிமுக ஆட்டத்தை வைத்தேன். பாம்பனே திரண்டு வந்துவிட்டது. பெண்களின் பயிற்சி முடிந்து, பிரமுகர்கள் மைக்கை விடாமல் பிடித்துக்கொண்டிருந்த நேரத்தில்தான் அவர் வலைகளோடு வந்து சேர்ந்தார். ஏணி போட்டு இரண்டு ரிங்கிலும் கட்டினார். பச்சை நைலான் வலை, ஒரே அளவான கண்ணிகள். சுற்றிப் போட வேண்டும் போல அத்தனை அழகு.

ஆட்டம் தொடங்கியதும் முதல் பந்து அவர் மகள் கைக்குப் போனது. காற்றைப் பார்த்தாள், தூரத்திலிருந்தே எறிந்தாள். பந்து ரிங்கைத் தொடாமல் உள்ளே இறங்கியது. கூட்டம் எழுந்து கத்தியது. பந்து மட்டும் கீழே வரவில்லை.

வலையின் அடியில் மீன் வந்து சேரும் பைக்கு மடி என்று பெயர். மனிதர் ரிங்குக்கும் மடி வைத்துப் பின்னியிருந்தார். பந்து அதற்குள் சௌகரியமாக உட்கார்ந்திருந்தது. நடுவர் விசிலை வாயில் வைத்தபடியே அண்ணாந்து நின்றார். "ஏலே, பெருசா மாட்டிருச்சுடா!" என்று யாரோ கத்த, கோர்ட்டே குலுங்கியது. நான் மைக்கை வாங்கி, "எங்க ஊர்ல போட்ட பாயிண்ட்ட நாங்க திருப்பித் தர்றதில்ல" என்றேன். அதற்கும் சிரித்தார்கள். அவர் மட்டும் சிரிக்கவில்லை. முகம் கறுத்துப்போய், கத்தியோடு வந்து ஏணியில் ஏறினார். ஏணியை நான் பிடித்துக்கொண்டேன்.

"இம்புட்டு வருசமா வலை பின்னுறேன் தங்கச்சி. உள்ள வந்தத வெளிய விடுறதுக்கு ஒண்ணுகூடப் பின்னுனதில்ல. கை தன்னால சுருக்கிருச்சு."

அடி முடிச்சை அறுத்தார். பந்து நேராக அவர் மகள் கையில் விழுந்தது. அவள் அதைத் தட்டிக்கொண்டே, "அய்யா, அங்கன இன்னொண்ணு இருக்கு" என்றாள். அப்போதுதான் அவருக்கும் சிரிப்பு வந்தது.

இரண்டாவது வலையையும் அறுத்துவிட்டு இறங்கியவர், கத்தியை மடக்கிக்கொண்டே கேட்டார்.

"நான் எங்கன கையெழுத்துப் போடணும்?"

"உங்க கையெழுத்து வேண்டாம்ணே. அவ போட்டாப் போதும். அதான் சட்டம்."

"அப்ப எதுக்கு எங்கிட்ட இந்த நட நடந்தீக?"

"உங்களக் கேக்காமப் போட மாட்டேன்னுட்டா."

அவர் திரும்பிப் பார்த்தார். எதிர்ப்பக்கம் மகள் தோழிகளிடம் கையை நீட்டி நீட்டி ஏதோ உத்தரவு போட்டுக்கொண்டிருந்தாள்.

"போட்டுட்டுப் போகட்டும்" என்றார். "இவ திரும்பி வந்துருவா."