வேகம் கூட்டிய கால்குலேட்டர்

அக்கா மைசூரில் பி.யூ.சி., அதாவது பன்னிரண்டாவது, படித்த வருஷம் எங்கள் வீட்டில் கோடு வரையும் கால்குலேட்டர் ஒன்று இருந்தது. துபாயில் வேலை பார்த்துத் திரும்பிய மாமா அவளுக்காகக் கொண்டுவந்தது. எண்களைப் போட்டால் சின்னத் திரையில் தானாக வளைகோடு வரையும். அது வரைந்து முடிப்பதற்குள் நான் ஒரு தோசையைத் தின்று கையும் கழுவிவிடலாம். எனக்கு அப்போது ஏழு வயது.

அந்த வருஷம்தான் அப்பாவுக்குச் சிறுநீரகம் கெட்டுப்போனது. ஹனூரிலிருந்து மைசூருக்கு வந்து ஃபேக்டரியில் லோடு இறக்கிக்கொண்டிருந்தவர், கால் வீங்கி வீட்டோடு உட்கார்ந்துவிட்டார். மாதாமாதம் ரத்தப் பரிசோதனை. கிரியாட்டினின் என்று ஓர் அளவு, அது இறங்கினால்தான் பிழைப்பு என்று டாக்டர் ஆரம்பத்திலேயே அவரிடம் சொல்லியிருக்கிறார். எனக்கு அது தெரியாது. ரிப்போர்ட் இங்கிலீஷில் இருக்கும் என்பதால் வாங்கி வருவதும் வாசிப்பதும் அக்காதான். "நல்லாருக்குப்பா, முன்னைக்குத் தேவலை" என்பாள். அம்மா அடுப்புப் பக்கம் திரும்பிக்கொள்வாள்.

அந்த எண்களைத்தான் அக்கா கால்குலேட்டரில் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு கோடு வரும். அழித்துவிட்டு, கணக்கை மாற்றி, வேறொன்று வரையச் சொல்வாள். அது ஊர்ந்து முடியும்வரை நகத்தைக் கடிப்பாள். என்ன அது என்று கேட்டதற்கு, அப்பாவோட கோடு என்று மட்டும் சொன்னாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அதை எடுத்துக்கொண்டு தேவராஜ மொஹல்லாவில் மாமா செல்போன் ரிப்பேர் பார்க்கும் கடைக்குப் போனாள். நானும் ஒட்டிக்கொண்டேன். வேகம் கூட்ட முடியுமா என்று அவள் கேட்டதும் மாமா தயங்கினார். கூட்டினால் மொத்தமாகவே செத்தாலும் செத்துவிடும் என்றார்.

"செத்தா சாகட்டும் மாமா. என்னால இதோட காத்துட்டு உக்கார முடியல."

 மாமா பின்மூடியின் திருகுகளைக் கழற்றினார். பச்சைப் பலகையில் கடுகளவு கெபாசிட்டர் ஒன்றைக் காட்டி, இதுதான் இதன் நடையைத் தீர்மானிக்கிறது, இதைவிடச் சின்ன அளவு வைத்தால் ஓடும் என்றார். சால்டரிங் கோலால் அதை எடுத்துவிட்டு வேறொன்றைப் பற்றவைத்தார். பேட்டரி போட்டதும் திரை முழுக்கக் கறுப்பானது.  கழற்றி மறுபடி போட்டதும் வெளுத்தது.

இந்த முறை நான் மூன்று எண்ணுவதற்குள் கோடு வந்துவிட்டது. நான் கை தட்டினேன். அக்கா அங்கேயே நின்று, மாற்றி மாற்றி ஏழெட்டுக் கோடு வரைந்தாள். எல்லாமே மேலே போய் முட்டின. கடைசியில் மாமா திரைமேல் தன் உள்ளங்கையை வைத்து, "போதும் கண்ணு" என்றார்.

வீடு திரும்பியதும் அக்கா குழாயடிக்குப் போய் வெகுநேரம் முகம் கழுவினாள். அப்பா கட்டிலில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். முதலில் நான்தான் சொல்ல வேண்டும் என்று ஓடினேன்.

"அப்பா, ரிப்போர்ட்ல இருக்கற நெம்பரெல்லாம் அக்கா கோடு போட்டா. உங்க கோடு ஜோரா மேல போகுது."

பூண்டு உரித்த கை நின்றது. "மேலயா? நல்லாப் பாத்தியா கண்ணு?"

"டாப்புல போய் முட்டிருச்சுப்பா. எத்தனை தடவை போட்டாலும் அப்படித்தான்."

அவர் என்னை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார். "எங்கிட்ட சொன்னேன்னு அக்காகிட்ட சொல்லாதே. அவ மனசு நோகும்" என்றார். சந்தோஷ சேதியை அக்காவே சொல்ல ஆசைப்படுவாள் போலிருக்கிறது என்று நானும் சத்தியம் செய்தேன்.

அப்பா அடுத்த தையைப் பார்க்கவில்லை. அதுவரை ஒவ்வொரு மாதமும், அக்கா ரிப்போர்ட்டோடு உள்ளே வரும்போது, எப்படியிருக்கிறதென்று அவரே கேட்டார். தேவலை என்று அவள் சொன்னாள். "சந்தோஷம்மா" என்று சிரித்தார். எனக்குத்தான் பொறுக்கவில்லை. இவ்வளவு பெரிய விஷயத்தை முதலில் வந்து சொன்னவள் நான். அதை எப்படி மறந்தார் என்று அவர்மேல் கோபமாக இருந்தது.