நயா இல்லாத பைசா

மலைக்கோட்டைக்குக் கீழே, பாத்திரக் கடைகளுக்கு நடுவில் சாக்கு விரித்துப் பழங்காசு விற்பார் அவர். நரைத்த மீசை, மூக்கு நுனியில் கண்ணாடி. எந்தக் காசையும் காதருகே வைத்துக் கேட்டுவிட்டுத்தான் தருவார்.

ஸ்ரீரங்கத்திலிருந்து காசு சேர்க்கப் போன என்னிடம், அப்போது புழக்கத்தில் இருந்த ஒரு நயா பைசாவை நீட்டினார். புதியது என்று பொருள்படும் ‘நயா’ என்ற இந்திச் சொல் மட்டும் அதில் இல்லை.

“காசு அடிக்கிற எடத்துல எவனோ தூங்கிட்டான் சார். ஊர்லயே இது ஒண்ணுதான்.”

மூன்று ரூபாய் கொடுத்தேன். வீட்டில் பூதக்கண்ணாடியில் பார்த்தால், அரத்தால் தேய்த்த கோடுகள்!

மறுநாள் சண்டைக்குப் போனேன். “நயாவைத் தேய்ச்சு எடுத்திருக்கீங்க. பணத்தைக் குடுங்க!”

“எத்தனை வருஷம் சார் அது புதுசாவே இருக்கும்? பழசாச்சு, எடுத்துட்டேன்.”

பணம் வரவில்லை.

அறுபத்து நான்கில் அரசாங்கமே ‘நயா’வை எடுத்துவிட்டு வெறும் பைசா வெளியிட்டது. என்னைக் கண்டதும் அவர் எழுந்தே நின்றுவிட்டார். “பாத்தீங்களா சார், சர்க்கார் என்னைக் காப்பியடிச்சிடுச்சு!”

அது கள்ளக் காசா, முந்திப் பிறந்த காசா என்று இன்றும் எனக்குத் தீரவில்லை. அதனால் என் காசுப் பெட்டியின் கணக்கு ஒரு நாள் இருநூற்றுப் பன்னிரண்டு, மறுநாள் இருநூற்றுப் பதின்மூன்று.