ஒன்பதாம் மாடிக்கு வாசித்த சங்கீதம்

எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய நான் பயணக் கட்டுரை எழுதத் துணிந்ததற்கு முதலில் மன்னிப்புக் கேட்கிறேன். சபையில் சாட்சி சொல்ல எழும்பச் சொன்னாலே பின்வரிசையில் ஒளிந்துகொள்பவள் நான். ஆனாலும் நமது மொன்றியல் ஜெபக்குழுவினர் கேட்டபடியால், ரொறன்ரோவில் கண்டதை எழுதுகிறேன்.

தொண்ணூற்றாறாம் ஆண்டு மாசி மாதம், ஒரு வெள்ளிக்கிழமை. காலை எட்டரைக்கு பஸ் புறப்பட்டது. 540 கிலோமீற்றர், போக வர எழுபது டொலர். வழி முழுவதும் பனி மூடிய வயல்கள். மூன்று மணிக்கு ரொறன்ரோவில் இறங்கி, இரண்டு டொலர் கொடுத்து சுரங்க ரயிலில் கெனடி நிலையம் போனேன். அங்கே தேவதாசன் அண்ணை தான் வாடகைக்கு ஓட்டும் ராக்சியோடு நின்றார். அங்குள்ள ஜெபக்குழுவை நடத்துபவர் அவர்.

நான் போனது ரெஜினாவுக்காக. யாழ்ப்பாணத்தில் ஒரே வகுப்பில், ஒரே வாங்கில் பக்கத்தில் பக்கத்தில் இருந்து படித்தவர்கள் நாங்கள். அவள் ரொறன்ரோவின் அஜின்கோர்ட் பகுதியில் தனியாக இருக்கிறாள். கணவர் இன்னும் கொழும்பில். அவளுக்குக் காசநோய். மூன்று சளிப் பரிசோதனைகள் தொடர்ந்து சுத்தமாக வரும்வரை வீட்டை விட்டு வெளியே வரக்கூடாது, ஒருவரும் உள்ளே போகவும் கூடாது என்று டொக்ரர் சொல்லிப் பத்துக் கிழமை, இரண்டரை மாதம், ஆகிறது.

போகும் வழியில் அண்ணை அவர்களுடைய வழக்கத்தைச் சொன்னார். தினமும் மாலை ஆறு மணிக்கு ஒருவர் அவளுடைய கட்டடத்துக்குப் போவார். கீழ்வாசலில் இருக்கும் அழைப்புப் பெட்டியில் அவள் வீட்டு இலக்கத்தை அழுத்தி, வேதாகமத்திலிருந்து ஒரு சங்கீதம் வாசிப்பார். கடைசி வசனத்தை மட்டும் விட்டுவிடுவார். அதை மேலேயிருந்து ரெஜினா சொல்லி முடிப்பாள்.

"போனிலை வாசிச்சால் என்ன, அண்ணை?"

"போனிலை எங்கையிருந்தும் கதைக்கலாம், தங்கச்சி. நாங்கள் கீழை வந்து நிக்கிறம் எண்டு அவவுக்குத் தெரியோணும்."

மேலே போய்க் கதவுக்கு வெளியே நின்று வாசிக்கலாமே என்றும் கேட்டேன். அந்த மாடியில் தமிழ்க் குடும்பங்கள் அதிகம். காசநோய் வருத்தம் வெளியே தெரிந்துவிடும் என்று ரெஜினாதான் மறித்தாளாம். பிறகு அண்ணை குரலைத் தாழ்த்தினார்.

"திங்கட்கிழமை வந்த பரிசோதனை முடிவும் சரியில்லை. அண்டைக்கு 'இனி ஒருத்தரும் வரவேண்டாம்' எண்டு சொல்லிப்போட்டா. மூண்டு நாளாய் ரிசீவரை எடுக்கிறா, கடைசி வசனம் சொல்லுறா இல்லை. இண்டைக்கு நீங்கள் வாசியுங்கோ. நீங்கள் வந்தது அவவுக்குத் தெரியாது."

மாட்டேன் என்று எவ்வளவோ சொன்னேன். அவர் என்னை வாசலில் இறக்கிவிட்டு, கார் நிறுத்த இடம் தேடிப் போய்விட்டார்.

ஆறு மணி. இலக்கத்தை அழுத்தினேன். மேலே எடுத்த சத்தம் கேட்டது, குரல் வரவில்லை. தலையைக் குனிந்துகொண்டு வேகமாக வாசித்தேன். பின்னால் ஒரு சீன முதியவர் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்தபடி நின்றார். கடைசி வசனத்துக்கு முன் நிறுத்திக் காத்திருந்தேன். மேலேயிருந்து ஒன்றுமில்லை. அவள் எனக்கும் பதில் சொல்லவில்லையே என்று கண் கலங்கியது.

அண்ணை ஓடி வந்து பெட்டியைப் பார்த்தார். "ஐயோ, உது ஒரு நிமிஷத்திலை தானாய் நிண்டுபோகும். திருப்பித் திருப்பி அழுத்தோணும். சொல்ல மறந்துபோனன்!" பிறகு சிரித்தார். "செத்த பெட்டிக்கே இவ்வளவு உருக்கமாய் வாசிக்கிறியள், உயிருள்ளதுக்கு எப்பிடி வாசிப்பியளோ!"

மறுபடி அழுத்தினேன். முழுவதும் அடிக்க முன்பே குரல் வந்தது.

"என்னடி மேரி, பாதியிலை விட்டிட்டு எங்கை போனனி? ரிசீவரைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறன்!"

"நான்தான் எண்டு எப்பிடித் தெரியும்?"

"பள்ளிக்கூடத்திலையும் நீ உப்பிடித்தானே, மூச்சு விடாமல் வாசிச்சுக்கொண்டு ஓடுவாய். முதலிலையிருந்து வாசி. ஆறுதலாய்."

ஆறுதலாக வாசித்தேன். இரண்டு முறை நின்றது. இரண்டு முறையும் அழுத்தினேன். கடைசி வசனத்தில் நிறுத்தினேன். ரெஜினா இருமினாள். பிறகு, ஒரு சொல்லும் தவறாமல் சொல்லி முடித்தாள்.

"அண்ணைதானே உன்னைக் கூட்டிக்கொண்டு வந்திருப்பார். அண்ணை, உங்கடை முதுகு நோ எப்பிடி?" என்று உடனே கேட்டாள். கீழே வருகிறவர்களின் பெயர்களையும் கவலைகளையும் ஒரு கொப்பியில் எழுதி வைத்திருக்கிறாளாம். "மூண்டு நாளும் எனக்குக் கதைக்கத்தான் ஏலாமல் இருந்தது. உங்களுக்காக ஜெபிக்கிறதை நான் விடேல்லை."

அண்ணை முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

வெளியே வந்து அண்ணாந்து பார்த்தேன். ஒன்பதாம் மாடி யன்னலில் ஒரு கை அசைந்தது. முகம் தெரியவில்லை. மொன்றியலில் நாம் பத்து நிமிட நடைத் தூரத்தில் இருப்பவர்களையும் தொலைபேசியில் விசாரித்து முடித்துவிடுகிறோம். இவர்களோ பனியில் வந்து ஒரு பெட்டிக்கு முன் நிற்கிறார்கள். மேலே அடைபட்டிருப்பவளோ, கீழே நிற்பவர்களைத் தாங்குகிறாள்.

மறுநாள் மூன்று மணிக்கு பஸ் ஏறினேன். ஆறு மணிக்கு பஸ் கிங்ஸ்ரனைத் தாண்டிக்கொண்டிருந்தது. அன்று அண்ணை வாசித்தாராம். ரெஜினா கடைசி வசனத்தைச் சொன்னாளாம்.