மூன்று நிமிடத்துக்கு ஒரு பேட்டரி

என் மாமா கார் ஓட்டிய வேகத்தைவிட, அந்தக் காரிலிருந்து சாமான்களைக் கழற்றிய வேகம்தான் எங்கள் வீட்டில் அதிகம் பேசப்பட்டது. அம்மாவின் தம்பி அவர். எங்கள் ஊர்ச் சூலியா தெருவை ஒட்டிய ஒரு மோட்டார் பட்டறையில் வேலை. நொறுங்கிப்போன இரண்டு கார்களைச் சேர்த்து ஒரு காராக்கி வைத்திருந்தார். ஊருக்கு வெளியே, ஆயிர் ஈத்தாம் பக்கத்து மலைச்சாலையில் வெள்ளைக்காரத் துரைமார் வருஷாவருஷம் தங்களுக்குள் ஒரு கார்ப் போட்டி நடத்துவார்கள். யார் சீக்கிரம் உச்சிக்கு ஏறுகிறார்கள் என்பதுதான் பந்தயம். அந்த வருஷம் வெளியாரும் கலந்துகொள்ளலாம் என்றார்கள். அறிவிப்பு வந்த அன்றே மாமா பெயர் கொடுத்துவிட்டார்.

அதிலிருந்து கார் இளைக்கத் தொடங்கியது. கூரை போயிற்று. கதவுகள் போயின. கடைசியாக மாமாவின் கண் பேட்டரியின் மேல் விழுந்தது. எஞ்சினுக்கு அருகே வலப்பக்கம் உட்கார்ந்திருந்த அந்தக் கறுப்புப் பெட்டி, ஒன்பது வயதுப் பெண்ணான என் எடை இருக்கும். அதை எடுத்துவிட்டு மோட்டார் சைக்கிளின் சின்ன பேட்டரியை வைக்கப்போவதாகச் சொன்னார்.

என் தந்தைக்கு, அத்தாவுக்கு, இது பைத்தியக்காரத்தனமாகப் பட்டது. "பாதி மலையில கரண்டு தீர்ந்துட்டா என்ன செய்வே?"

"தீராது மச்சான். ஸ்டார்ட் பண்ணத்தான் பெரிய பேட்டரி வேணும். நான்தான் கைப்பிடியப் போட்டுச் சுத்திக்கிறேனே. ஓடுறப்போ எஞ்சினுக்குப் பொறி கெடைச்சாப் போதும். மலை ஏற மூணு நிமிசம்லா!"

பேட்டரி கிடைத்துவிட்டது. அதை எங்கே வைப்பது? இடப்பக்கம் திரும்பும் வளைவுகளில் காரின் இடது பின்சக்கரம் தரையைப் பிடிக்காமல் சும்மா சுழன்றுகொண்டிருந்தது. ஓட்டுகிறவர் வலப்பக்கம், பழைய பேட்டரியும் வலப்பக்கம். இடப்பக்கத்தில் பாரமே இல்லை. அங்கே எந்த இடத்தில் பாரம் வைத்தால் சரிவரும் என்று பார்க்க மாமா என்னைக் காரில் ஏற்றினார். முதலில் இடது இருக்கையில் உட்காரவைத்து ஒரு வளைவு. பிறகு கால் வைக்கும் இடத்தில். பிறகு இருக்கைக்குப் பின்னால், சக்கரத்துக்குச் சற்று முன்னே, குந்தியபடி. அங்கே நான் இருந்தபோது சக்கரம் அழகாகத் தரையைக் கவ்வியது. போட்டியில் நானும் போகிறேன் என்று பள்ளிக்கூடத்தில் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். மறுநாள் பார்த்தால், என் இடத்தில் சின்ன பேட்டரி உட்கார்ந்திருந்தது.

"ஒரு ஆளுதான் போகலாமாம் புள்ள," என்றார் மாமா. நான் அழுதேன். மாமாவோ, நான் கண்டுபிடித்த இடம் அது என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

முதல் ஒத்திகையிலேயே பேட்டரி வளைவில் சாய்ந்தது. ஒயர் கழன்று எஞ்சின் நின்றுவிட்டது. அமிலம் சிந்தி மாமாவின் கால்சட்டையில் சல்லடைக் கண்கள். போட்டிக்கு இரண்டே நாள். வீட்டுக்கு வந்து உட்கார்ந்துவிட்டார். அம்மா போய்க் காருக்குள் எட்டிப் பார்த்தார்.

"நாலு பக்கமும் இம்புட்டு எடம் விட்டு வச்சா ஆடாம என்ன செய்யும்? இறுக்கமா ஒரு பெட்டி செஞ்சு அதுக்குள்ள வையேன்டா."

அன்றே பலகைப் பெட்டி ஒன்று செய்து, காரின் தரையோடு சேர்த்து முடுக்கினார் மாமா. மேலே இறுக்கிக் கட்ட நல்ல வார் கிடைக்கவில்லை. அதுவரை வாசலில் நின்று குறை சொல்லிக்கொண்டிருந்த அத்தா, தம் இடுப்பு பெல்ட்டை உருவி மாமாவிடம் நீட்டினார்.

போட்டி நாளில் அம்மாவும் நானும் மூன்றாவது வளைவில் நின்றோம். மலைக்குக் கீழே, கார் புறப்படும் இடத்தில் நடந்ததை அத்தா பிறகு சொன்னார். சோதனை செய்த துரை எஞ்சின் மூடியைத் திறந்து பேட்டரியைத் தேடினாராம். மாமா இருக்கையைச் சாய்த்துக் காட்டியதும் சுற்றி நின்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்களாம்.

எங்கள் வளைவு இடப்பக்கம் திரும்புவது. பெரிய பெரிய கார்கள் அங்கே சக்கரம் வழுக்கி, புகை கக்கி, திணறித்தான் ஏறின. பிறகு மாமாவின் கார் வந்தது. என் மனசுக்குள் நான் அந்தப் பெட்டியாகக் குந்தி, தரையை அழுத்திக்கொண்டிருந்தேன். சக்கரம் வழுக்கவில்லை. சரளைக் கற்களை எங்கள் மேல் வாரி இறைத்துவிட்டுக் கார் மேலே பாய்ந்து மறைந்தது. அம்மா முக்காடு நழுவியதுகூடத் தெரியாமல் கத்தினார். எல்லாக் கார்களும் ஏறி முடிந்து, கீழே முடிவை அறிவித்ததும், கால்சட்டையை ஒரு கையால் பிடித்தபடி அத்தா மலையேறி ஓடிவந்தார். "நம்மாளுதான்! நம்மாளுதான் முதல்!"

சாயங்காலம் துரைமார் சங்கத்தில் பரிசளிப்பு. இரண்டாவது, மூன்றாவது வந்தவர்கள் உள்ளே கூடத்தில் பரிசு வாங்கினார்கள். கைதட்டல் வெளியே கேட்டது. எங்களை மட்டும் தோட்டத்தில், மரத்தடியில் நிற்கச் சொன்னார்கள். பிறகு ஒரு துரை வெள்ளிக் கோப்பையை எடுத்துக்கொண்டு படியிறங்கி, புல்வெளியைத் தாண்டி, எங்களிடமே வந்தார். மாமா கோப்பையை வாங்கி என் கையில் கொடுத்தார்.

எல்லோரும் துரையிடம் போய்ப் பரிசு வாங்கினார்கள், எங்கள் மாமாவிடம் மட்டும் துரையே நடந்து வந்தார் என்று அந்த வருஷம் முழுக்கப் பள்ளியில் பெருமையடித்தேன். வீட்டிலும் அப்படித்தான் சொன்னேன். மாமா ஒருமுறைகூட என்னைத் திருத்தவில்லை.