கிழித்துப் போட்ட சீட்டு

பதினெட்டு வருஷத் தையலில் டெய்லரக்கா ஒரு வழக்கத்தை மாற்றியதே இல்லை. துணி வாங்கும்போது சீட்டை இரண்டாகக் கிழித்து, ஒரு பாதியைத் துணியில் குத்துவாள். மறு பாதி கொடுத்தவர் கையில். தைத்ததை ஒப்படைத்ததும் இரண்டு பாதிகளையும் வாங்கிச் சுக்குநூறாகக் கிழித்துவிடுவாள். கணக்கு தீர்ந்தது என்று அர்த்தம். யாரோடும் ஒரு வாய்த் தகராறு வந்ததில்லை.

மகள் ஜிம்னாஸ்டிக்ஸ் கற்ற குழந்தைகள் கிளப்புக்குத் தைத்தபோதும் அப்படியே செய்தாள். ஒரு வருஷக் கட்டணத்தை முன்னாலேயே கட்டச் சொன்னார்கள். அவள் கையைப் பிசைந்தபோது, கிளப்பை நடத்திய டீச்சரே வழி சொன்னாள்: "போட்டிக்கு நாப்பது டிரெஸ் தைச்சுக் குடுங்கக்கா. கூலிய ஃபீஸ்ல கழிச்சுக்கலாம்."

இழுத்தால் நீளும் துணி; ஊசி நழுவிக்கொண்டே இருக்கும். இருபத்திரண்டு நாள் குனிந்த தலை நிமிராமல் தைத்துக் கொடுத்தாள். வழக்கம்போல் சீட்டையும் கிழித்தாள். மகள் சேர்ந்த ஐந்தாவது வாரம் கிளப்பின் கதவில் பூட்டு தொங்கியது.

கட்டிய பணத்தைக் கேட்பவர்களின் பெயரைப் பதிய ஓர் அதிகாரி வாடகை மண்டபத்தில் உட்கார்ந்திருந்தார். அன்றுதான் கடைசி நாள். வெள்ளிக்கிழமைக்குள் பணம் கட்டினால் மகளைச் சேர்த்துக்கொள்வதாக வேறொரு கிளப்பில் சொல்லியிருந்தார்கள். தன் பெயர் பட்டியலில் ஏறினால், அதைக் காட்டியாவது கொஞ்சம் கடன் புரட்டலாம் என்று நம்பி வரிசையில் நின்றாள்.

"ரசீது?"

"ரசீது இல்லீங்க. ஃபீசுக்குப் பதிலா தைச்சுக் குடுத்தேன்."

பின்னால் நின்ற ஒரு தகப்பன் சிரித்தான். "நாங்க காசக் குடுத்து ஏமாந்தோம். இவங்க நூலக் குடுத்து ஏமாந்திருக்காங்க."

"தைச்சதுக்குச் சீட்டு ஏதாவது இருக்காம்மா?" என்றார் அதிகாரி.

"கிழிச்சுட்டேங்க. துணியக் குடுத்ததும் கிழிச்சுடுவேன்."

"கூலி கைக்கு வந்தப்புறம்தானேம்மா கிழிக்கணும்?"

அவளுக்குச் சுரீரென்றது. எப்போதும் துணி போகும்போதே காசு வந்துவிடும். இந்த முறை கூலி என்பது ஒரு வருஷப் பயிற்சி. அது ஒரு மாதம்தான் வந்திருந்தது.

"டீச்சரையே கேளுங்க" என்று, விசாரிக்க அழைக்கப்பட்டு ஓரத்து நாற்காலியில் இருந்தவளைக் காட்டினாள்.

டீச்சர் தலை நிமிரவில்லை. "அக்கா தைச்சது நெஜம். ஆனா கூலிய அப்பவே குடுத்துட்டேன்னுதான் நெனைக்கிறேன்."

"நெனைக்கிறியா? என் மூஞ்சியப் பாத்துச் சொல்லும்மா!"

டீச்சர் துப்பட்டா நுனியை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். அதிகாரி 'சான்று இல்லை' என்று எழுதிவிட்டு, "அடுத்தவங்க வாங்க" என்றார்.

வெளியே படியில் மகள் உட்கார்ந்திருந்தாள். "வெள்ளிக்கிழமை சேந்துடலாமாம்மா?"

"இல்ல கண்ணு. இந்த வருஷம் இல்ல."

பிள்ளை மண்டபக் கதவைத் திரும்பிப் பார்த்தது. பிறகு, "டீச்சர் உள்ள இருக்காங்களா? ஒரே ஒரு தடவ பாத்துட்டு வரட்டா?" என்றது.

டெய்லரக்கா பிள்ளையின் கையைப் பிடிக்கப் போனாள். அதற்குள் பிள்ளை உள்ளே ஓடிவிட்டது.