மாடி வீட்டுக்கு அண்ணன் வைத்த நிபந்தனை

என் கணவர் இயந்திரத் தொழிற்சாலையிலிருந்து ஓய்வு பெற்றபோது வந்த பணத்தில், பங்காருபேட்டை ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ஒரு மனை வாங்கினோம். கீழே ஒன்று, மாடியில் ஒன்று என இரண்டு வீடு கட்டி வாடகைக்கு விட எண்ணம். பெங்களூருக்கு ரயிலில் வேலைக்குப் போகிறவர்கள் அந்தப் பக்கம் வீடு கிடைக்காமல் அலைகிறார்கள்.

வங்கியில் கீழ் வீட்டுக்கு மட்டும்தான் கடன் தந்தார்கள். ஓய்வு பெற்றவருக்கு அதற்கு மேல் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். மாடிக்கு என்ன செய்வது என்று நாங்கள் முழித்துக்கொண்டிருந்தபோது என் அண்ணன் வந்தார். கோலார் தங்கவயல் பஜாரில் அவருக்கு இரும்பு, சிமென்ட் கடை. நாங்கள் நைனா என்று கூப்பிடும் அப்பாவின் காலத்தில் அது மளிகைக் கடை.

"கம்பி, சிமென்ட்டு எல்லாம் நம்ம கடையிலர்ந்து எடுத்துக்கோ. மேஸ்திரி கூலியும் நான் பாத்துக்குறேன். வாடகை வந்தப்புறம் மெதுவா குடு" என்றார். கூடப்பிறந்தவர் என்றால் இப்படி இருக்கவேண்டும் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

மாடிச் சுவர் எழும்பி, கூரைக்குப் பலகை அடித்துக்கொண்டிருந்த நேரத்தில் ஓர் இளம் தம்பதி வீடு பார்க்க வந்தார்கள். அந்தப் பெண் பெங்களூரில் நர்ஸ், கணவனுக்கும் அங்கேதான் வேலை. அவள் பிறந்து வளர்ந்தது தங்கவயலில் பாலகாட் சுரங்கத்துப் பக்கம், சுரங்கத் தொழிலாளிகளுக்காக வரிசையாகக் கட்டிய லைன் வீட்டில். மாடியைக் கேட்டார்கள். எனக்கு அவர்களைப் பிடித்துப்போயிற்று. சரி என்றேன்.

விஷயம் அண்ணன் காதுக்குப் போயிற்று. நேராகக் கட்டடத்துக்கே வந்துவிட்டார்.

"இன்னாம்மா, மாடியை லைன்காரங்களுக்குப் பேசிட்டியாமே?"

"ஆமாண்ணா. நல்ல புள்ளைங்க. ரெண்டு பேரும் வேலைக்குப் போறாங்க."

"வேலைக்குப் போனா ஆச்சா? இன்னா ஜாதின்னு கேக்க மாட்டியா? அக்கம்பக்கம் எல்லாம் நம்மாளுங்க."

"கேக்க மாட்டேன்."

"என் பணத்துல எழும்புற மாடி இது. நம்மாளுங்களுக்கு மட்டும் விடு. இல்லேன்னா நாளையிலர்ந்து கம்பி வராது, சொல்லிட்டேன்."

மேஸ்திரியும் ஆட்களும் வேலையை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"நைனா கடை யாரு காசுல ஓடிச்சி? சம்பள நாள்ல லைன்லர்ந்து வந்து நின்னாங்களே, அவங்க காசுலதானே? அந்தக் காசைத் தொட்டுத்தானே நீயும் நானும் வளந்தோம்? அப்பல்லாம் ஜாதி கேட்டா அரிசி போட்டோம்?"

"அது வியாபாரம். இது வீடு."

"வாடகைக்கு விடுற வீடு. இதுவும் வியாபாரம்தான்."

அவர் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். மறுநாள் சொன்னபடியே கம்பி வரவில்லை.

அண்ணனைவிட என் கணவர்மேல்தான் எனக்கு அதிகக் கோபம். "கொஞ்சம் விட்டுக் குடேன். அந்தப் புள்ளைங்களுக்கு வேற வீடா கிடைக்காது?" என்றார். வேலைக்காலம் முழுவதும் லைனிலிருந்து வந்தவர்களோடு ஒரே மேசையில் சாப்பிட்டவர் இவர்.

முதலில் என் நகைகளை அடகு வைத்து அண்ணன் அதுவரை கொடுத்ததைத் திருப்பிக் கொடுத்தேன். அவர் எண்ணிக்கூடப் பார்க்காமல் வாங்கி மேசைக்குள் போட்டுக்கொண்டார். அதற்குப் பிறகு கூரை போட எங்களிடம் எதுவுமில்லை. அடித்த பலகைக்கு வாடகை மட்டும் ஏறிக்கொண்டிருந்தது.

வேலை நின்றுவிட்டது, வேறு இடம் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல அந்த நர்ஸ் பெண்ணுக்கு போன் செய்தேன். காரணத்தைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"ஆன்ட்டி, நேராவே சொல்லுங்க. நாங்க யாருன்னு பிரச்சினையா?" என்றாள். குரலில் ஆச்சரியமே இல்லை. "பெங்களூர்லயும் இதே கதைதான். முதல்ல ஓகேம்பாங்க, அப்புறம் எந்த ஊரு, யாரு வீடுன்னு சுத்தி வளைச்சிக் கேப்பாங்க."

எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அந்த ஞாயிற்றுக்கிழமை இருவரும் வந்தார்கள். மாத வாடகைக்குப் பதில் லீஸுக்கு எடுத்துக்கொள்வதாகச் சொன்னார்கள். மொத்தமாக ஒரு தொகையை முன்னாலேயே கொடுத்துவிட்டு வாடகையில்லாமல் குடியிருப்பார்கள்; காலி செய்யும்போது அந்தத் தொகையை நாங்கள் திருப்பித் தரவேண்டும். அந்தப் பணத்தில் கூரையைப் போட்டு மாடியை முடித்துவிடலாம்.

"உங்க நல்ல மனசுக்கு..." என்று ஆரம்பித்தேன். அவள் நிறுத்தினாள்.

"நல்ல மனசெல்லாம் இல்ல ஆன்ட்டி. எங்களுக்கு ஸ்டேஷன் பக்கத்துல வீடு வேணும். நீங்களும் எங்களுக்கு உபகாரம் பண்றதா நெனைக்காதீங்க. பத்திரம் எழுதி ரெஜிஸ்டர் பண்ணிடலாம்."

சுருக்கென்றுதான் இருந்தது. ஆனால் அவள் சொன்னதில் என்ன தப்பு? காசு கொடுத்துக் குடிவருகிறவள் எதற்காக எனக்குக் கடமைப்படவேண்டும்?

பத்திரம் பதிவானது. சிமென்ட்டும் கம்பியும் பங்காருபேட்டையிலேயே வாங்கினோம். கூரை போட்டு, பூச்சு முடித்து, அவர்கள் குடிவந்தார்கள். கீழ் வீட்டுக்கு ஒரு தெலுங்கு வாத்தியார் குடும்பம் வந்தது. மாடியில் யார் என்று அவர் கேட்கவேயில்லை. தண்ணீர் எந்த நேரத்தில் வரும் என்றுதான் கேட்டார். அவர் தரும் வாடகை வங்கித் தவணைக்கே சரியாகப் போகிறது. நகைகளை இன்னும் மீட்கவில்லை. புதுவீட்டுப் பூஜைக்கு அண்ணன் வரவில்லை.

அதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டேன். போன மாதம் ஒரு சொந்தக்காரக் கல்யாணத்தில், பந்தியில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த சித்தி, "பணத்துக்காகக் கூடப்பொறந்தவனைப் பகைச்சிக்கினியாமே" என்றாள்.

பணத்துக்காகவா!

"பணத்துக்காகன்னா அவரு சொன்னதுக்குத் தலையாட்டியிருப்பேன் சித்தி. மாசா மாசம் மாடி வாடகை என் கைக்கு வந்திருக்கும். அவரு இன்னா கேட்டாருன்னு அவரையே கேளுங்க, தோ எதிர்லதான் உக்காந்திருக்காரு" என்று எல்லாருக்கும் கேட்கும்படிச் சொன்னேன்.

சித்தி கேட்கவில்லை. வேறு யாரும் கேட்கவில்லை. அண்ணன் குனிந்த தலை நிமிராமல் ரசத்துக்குக் குழி பறித்துக்கொண்டிருந்தார்.